பிரசவ வார்டு பற்றி நான் கேட்டது

தேர்தல் வருடத்தில் ஆகஸ்டு பிறந்துவிட்டால், எங்கள் வீட்டில் தொலைபேசி அடித்தால் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் முன்பின் தெரியாத குரல் ஒன்று, "ஹலோ மார்லிஸ், இந்த நாட்டோட தலையெழுத்தே உங்க கையிலதான் இருக்கு" என்று ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் என் கையில் பெரும்பாலும் பாதி தோல் சீவிய உருளைக்கிழங்குதான் இருக்கும்.

விஸ்கான்சின்காரர்களுக்கு இது நாலு வருடத்துக்கு ஒருமுறை வருகிற காய்ச்சல். மற்ற மாநிலங்களில் யார் ஜெயிப்பார் என்பது பல இடங்களில் முன்னாடியே தெரிந்துவிடும். நாங்கள் எந்தப் பக்கம் சாய்வோம் என்று எங்களுக்கே தெரியாது. அதனால் இரண்டு பக்கத்துப் பணமும் எங்கள் தலையில் வந்து கொட்டும். நாளைக்கு மழையா என்று பார்க்க டிவியைப் போட்டால், மேகத்தைக் காட்டுவதற்குள் கவர்னர் கெட்டவர் என்று ஒரு விளம்பரம், செனட்டர் அவரைவிடக் கெட்டவர் என்று இன்னொரு விளம்பரம். அந்த வருடம் ஜனாதிபதி பதவிக்கு அவர்கள் இருவருக்கும்தான் போட்டி. கவர்னர் வேறு மாநிலத்து ஆள், நரைத்த தலையும் கணீர்க் குரலும். செனட்டர் ஒரு பெண்மணி. பேச்சில் ஒரு வார்த்தை பிசகாது. தபால்பெட்டி நிறைய இருவருடைய பிரசார அட்டைகளும் வரும். என் கணவர் ஆர்லன் அவற்றை விறகடுப்பு பற்றவைக்க எடுத்துப் போவார்.

"வழவழன்னு அச்சடிச்சு என்ன பிரயோஜனம்? ஒழுங்கா எரியக்கூட மாட்டேங்குது" என்று திரும்பி வருவார்.

நான் எந்தக் கட்சியும் இல்லை. இந்தப் பக்கமும் போட்டிருக்கிறேன், அந்தப் பக்கமும் போட்டிருக்கிறேன், இரண்டிலும் ஏமாந்திருக்கிறேன். எங்கள் ஊர் ஆல்டர் ஃபால்ஸில், தீவனக் கடைக் கல்லாவில் உட்காருகிற எனக்குக் கட்சி கட்டுபடியாகாது. கோழித் தீவனமும் மாடு நக்குகிற உப்புக்கட்டியும் வாங்க வருகிறவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த வருடம் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. வசந்தத்தில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிவிட்டார்கள். கட்டுபடியாகவில்லையாம். இனி பிள்ளை பெற வேண்டுமென்றால் மார்ஷ்டன் நகரத்துக்குப் போக வேண்டும். நல்ல வெயிலிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பாதை அது. பனி விழுந்தால் கடவுள் விட்ட வழி. என் மகள் கோரின் முதல் பிள்ளையை உண்டாகியிருந்தாள். நவம்பர் நடுவில் தேதி கொடுத்திருந்தார்கள். மருமகனுக்கு ரயில் பாதை போடுகிற வேலை. வாரக்கணக்கில் வீட்டில் இருக்க மாட்டான். வார்டு மூடுவதைப் பற்றி நான் ஆஸ்பத்திரியில் கேட்டேன். "மேல கேளுங்க" என்றார்கள். மேலே யார் என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, தேவாலயக் கூடத்தில் நடக்கிற மீன் வறுவல் விருந்துக்குக் கவர்னரே வரப்போவதாக ஊரெல்லாம் பேச்சு. நாங்கள் வழக்கமாகப் போகிற விருந்து. ஆர்லன் முகத்தைச் சுளித்தார்.

"அந்தக் கூட்டத்துல எவன் நிம்மதியா மீன் சாப்பிடறது? வீட்லயே முட்டை பொரிச்சுக்கலாம்."

"அவர்கிட்ட வார்டைப் பத்திக் கேக்கணும், ஆர்லன்."

"கேட்டா? நாளைக்கே மருத்துவச்சிய அனுப்பிடுவாரா?"

"கேக்காம இருந்தா மட்டும் அனுப்புவாரா?"

போனோம். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. காதில் சுருள் ஒயர் வைத்த இளைஞன் ஒருவன் மேஜை மேஜையாக வந்து, "இன்னும் முடிவு பண்ணாதவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் கையைத் தூக்கினேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. என் பெயரைக் கேட்டுக்கொண்டான். ஆர்லனின் அழுக்குத் தொப்பியை மேஜையிலிருந்து எடுக்கச் சொன்னான். பிறகு ஆர்லனையே கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னான். காமிராக்காரர்கள் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கவர்னர் வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"மார்லிஸ், உங்க மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க" என்றார், என்னை இருபது வருடமாகத் தெரிந்தவர் போல.

சொன்னேன். வார்டு மூடியதை, மார்ஷ்டன் பாதையை, கோரினை, எல்லாவற்றையும் சொன்னேன். "அவளை நினைச்சா பயமா இருக்கு. ராத்திரி தூக்கமே வரல. இந்த ஊர்ல இனி எப்படி இருக்கறதுன்னே தெரியல" என்றேன். அவர் என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டார்.

"பொண்ணு பேரு என்ன?"

"கோரின்."

"கோரின். அழகான பேரு. நான் கோரினை மறக்க மாட்டேன், மார்லிஸ்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வசந்தத்திலிருந்து ஒருவரும் காது கொடுத்துக் கேட்காத விஷயத்தை, நாட்டையே ஆளப்போகிற ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டால் யாருக்குத்தான் வராது? வார்டைத் திறப்பேன் என்று அவர் சொல்லவில்லை என்பதே காரில் பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆர்லன் அதைச் சொல்லிக் காட்டவில்லை. "மீன் ஆறிப்போச்சு" என்று மட்டும் சொன்னார்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால்பந்து ஆட்டத்தின் நடுவில் டிவியில் என் முகம் வந்தது. முதலில் எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. திரை முழுக்க நான், கண்ணில் நீர். பின்னால் வயலின் மாதிரி என்னவோ அழுதது. என் குரல் சொன்னது: "பயமா இருக்கு. ராத்திரி தூக்கமே வரல. இந்த ஊர்ல இனி எப்படி இருக்கறதுன்னே தெரியல." உடனே இருட்டுத் தெரு, உடைந்த கண்ணாடி, ஓடுகிற கால்கள். ஒரு கனத்த குரல், செனட்டர் வந்தால் குற்றவாளிகள் எல்லாம் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்றது. கடைசியில் கவர்னர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆர்லன் வாயில் வைத்த சோளப்பொரியை மெல்லவில்லை.

"எந்த ஊரு தெரு அது?" என்றார்.

"எனக்கெப்படித் தெரியும்?"

"நம்ம ஊர்ல தெருவிளக்கே ரெண்டுதானே இருக்கு. அதுல ஒண்ணு எரியாது."

சிரிக்க ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கோரின் அப்போதே கூப்பிட்டாள்.

"அம்மா, என்னம்மா இது? என் பிரசவத்தைப் பத்திப் பேசினேன்னுதானே சொன்ன?"

"அதைத்தான்டா பேசினேன்."

"அப்புறம் எதுக்குத் திருடனுக்குப் பயந்து அழற?"

மறுநாள் கடையில் தெரிந்தது, ஊரில் ஒருவர் விடாமல் பார்த்திருக்கிறார்கள் என்று. எங்கள் ஊரில் வீட்டைப் பூட்டுகிற வழக்கமே கிடையாது. அதனால் ஒருவர் பெரிய பூட்டு ஒன்றைக் கல்லா மேல் வைத்து, "உங்களுக்குத்தான் மார்லிஸ், நிம்மதியாத் தூங்குங்க" என்றார். அவர் விளையாட்டுக்குச் செய்தார். இன்னொரு விவசாயி என் கையைக் குலுக்கி, "தைரியமா உண்மையச் சொன்னீங்க" என்றார். எந்த உண்மை என்று கேட்டேன். கண்ணடித்துவிட்டுப் போனார். பத்து வருடமாக எங்களிடமே குதிரைத் தீவனம் வாங்குகிற ஒரு அம்மாள், நான் கல்லாவில் இருப்பதைப் பார்த்துவிட்டு எடுத்த மூட்டையை அங்கேயே இறக்கிவைத்துவிட்டு வெளியே போனாள்.  கடை முதலாளி மத்தியானம் வரை என்னைச் சரக்கு அறையில் வேலை பார்க்கச் சொன்னார்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பேன். வெர்னட்டைத்தான் தாங்க முடியவில்லை. வெர்னட்டும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதிகள். வியாழக்கிழமை தோறும் என் வீட்டில் சீட்டாட்டம். அவள்தான் என் ஜோடி. அவள் செனட்டர் பக்கம், வீட்டு முன்னால் அவர் பெயர் போட்ட பலகையே நட்டிருந்தாள். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. அந்த வியாழக்கிழமை வாசலிலேயே நின்றுகொண்டாள், கோட்டைக் கழற்றவில்லை.

"உள்ள வா வெர்னட், குளிருது."

"உன் மூஞ்சிய அவனுக்கு வாடகைக்கு விட்டுட்டு, என்னை உள்ள வான்னு கூப்பிடறியா?"

"நான் வார்டைப் பத்தித்தான் கேட்டேன். அவங்க வெட்டி ஒட்டிட்டாங்க."

"அழுதியே, அதையும் அவங்களா ஒட்டினாங்க?"

"கோரினை நினைச்சு அழுதேன்டி!"

"எங்க தங்கச்சி மகன் ஜெயில்லருந்து வந்து திருந்தி வேலைக்குப் போறான். நேத்து அவன் உன் விளம்பரத்தைப் பாத்துட்டு, 'மார்லிஸ் ஆன்ட்டி என்னைத்தான் சொல்றாங்களா'ன்னு கேக்கறான். நான் என்ன பதில் சொல்லட்டும்?"

 அந்தப் பையனுக்கு டயர் மாற்றக் கற்றுக்கொடுத்ததே ஆர்லன்தான். நான் வாய் திறப்பதற்குள் வெர்னட் படியிறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் கவர்னரின் பிரசார அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். வெகுநேரம் பாட்டு ஓடிய பிறகு ஒரு பையன் வந்தான்.

"மார்லிஸா? அந்த மார்லிஸா? ஐயோ, நீங்கதான் இங்க எல்லாருக்கும் ஃபேவரிட்! உங்க விளம்பரம் பிரமாதமாப் போகுது."

"அதை நிறுத்தணும். நான் திருட்டைப் பத்திப் பேசவே இல்ல."

"நீங்க பயமா இருக்குன்னு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன். ஆனா வேற விஷயத்துக்கு."

"மக்கள் பயந்து போயிருக்காங்க, அதுதானே மெசேஜ்?" என்றான், நிஜமாகவே எனக்குப் புரியவைக்கிற ஆசையில். பொது இடத்தில் எடுத்த படம், அதற்கு அனுமதி தேவையில்லை என்றும் சொன்னான். கடைசியில், வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்க வருகிறீர்களா என்று கேட்டான். நான் போனை வைத்த வேகத்தில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்தது.

அடுத்த வாரம் செனட்டரின் ஆட்கள் கடைக்கே வந்தார்கள். பேசியது ஒரு பெண். நல்ல தோல் பூட்ஸ், அதில் எங்கள் கடைத் தவிடு ஒட்டிவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து நடந்தாள்.

"உங்களுக்கு நடந்தது அநியாயம் மேடம். அதை நாங்க சரி பண்றோம். காமிரா முன்னாடி ஒரு நிமிஷம் பேசுங்க, போதும்."

எனக்கு உண்மையிலேயே உயிர் வந்தது. "வார்டைப் பத்திப் பேசலாமா?"

"தாராளமா." அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். கவர்னர் என்னைப் பயன்படுத்திக்கொண்டார், கவர்னர் பொய்யர், கவர்னரை நம்பாதீர்கள் என்று நான் பேச வேண்டியதெல்லாம் அதில் தயாராக இருந்தது. வார்டு என்ற சொல்லைத் தேடினேன். நடுவில் ஒரு இடத்தில் 'ஆஸ்பத்திரி விஷயமாகப் பேசப் போன என்னை' என்று இருந்தது.

"செனட்டர் வந்தா எங்க வார்டைத் திறப்பாங்களா?"

"அவங்ககிட்ட கிராமப்புற மருத்துவத்துக்கு விரிவான திட்டம் இருக்கு. எங்க இணையதளத்துல பாக்கலாம்."

"பாத்தேன். எங்க ஊர் மாதிரி ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வார்டு உண்டா இல்லையான்னு அதுல இல்ல."

"அது மாநிலமும் ஆஸ்பத்திரி நிர்வாகமும் சேர்ந்து முடிவு பண்ண வேண்டிய விஷயம்."

"அப்ப அதையே காமிரா முன்னாடி சொல்றேன். ரெண்டு பேர்கிட்டயும் கேட்டேன், ரெண்டு பேரும் பதில் சொல்லலன்னு. எடுத்துக்கறீங்களா?"

அவள் பொறுமையாகச் சிரித்தாள். "மேடம், அப்படிச் சொன்னா அது யாருக்கு உதவும்?"

"எனக்கு!" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது, சரக்கு அறையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். அவள் தன் அட்டையைக் கல்லா மேல் வைத்துவிட்டுப் போனாள். அன்று சாயந்தரம் ஆர்லனிடம், "நான் ஓட்டே போடப்போறதில்ல" என்று சொன்னேன். அவர், "சரி, ஆனா கோபம் குறைஞ்சதுக்கப்புறம் முடிவு பண்ணு" என்றார். கோபம் குறையவில்லை.

தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த கோரின் சூப்புக் கிண்ணத்தை வைத்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஈரமாயிடுச்சு."

தேதிக்கு இன்னும் நாள் இருந்தது, அதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆர்லன் பிக்கப்பை எடுத்தார். நான் பின் சீட்டில் கோரினின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். பனி இல்லை, வானம் வெளுப்பாக இருந்தது, பரவாயில்லை, நேரத்துக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். மார்ஷ்டனுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது வண்டிகள் நின்றுவிட்டன. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கார்கள், கொடிகள், ஹாரன் சத்தம். விமான நிலையத்தில் கவர்னரின் கடைசிக் கூட்டமாம். நெடுஞ்சாலையை அடைத்துவிட்டார்கள்.

கோரின் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் விரல்கள் மரத்துப்போயின. ஆர்லன் சாலை ஓரத்து மண்ணில் வண்டியை இறக்கி ஓட்டினார். எல்லாரும் திட்டினார்கள். தடுப்பருகே ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி, குனிந்து உள்ளே பார்த்தார். முகத்தில் ஒரு மலர்ச்சி.

"அட, விளம்பரத்துல வர்றவங்கதானே நீங்க! விருந்தாளிங்களுக்கு இடது பக்கம். போங்க, போங்க."

"ஐயா, பிரசவ..." என்று ஆர்லன் ஆரம்பித்தார். போலீஸ்காரர் அதற்குள் தடுப்பைத் தூக்கிவிட்டு அடுத்த வண்டியிடம் போய்விட்டார். ஆரஞ்சு உடுப்புப் போட்ட ஆட்கள் கையை ஆட்டி ஆட்டி எங்களைத் திருப்பிவிட, வெளியே வர வழியில்லாத ஒரு புல்வெளியில், கொடி கட்டிய வண்டிகளுக்கு நடுவில் போய் நின்றோம். ஒலிபெருக்கியில் மேள சத்தம். கோரின் அலறினாள்.

நான் இறங்கி ஓடினேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. சேற்றில் ஒரு ஷூ மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டேன். போலீஸ்காரரின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நான் எந்தக் கூட்டத்துக்கும் வரல! வண்டியில என் பொண்ணுக்குப் பிள்ளை பொறக்கப்போகுது! கேக்குதா? பிள்ளை!"

அவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு நல்ல மனிதராகத்தான் நடந்துகொண்டார். வேலியின் ஒரு பக்கத்தையே பிடுங்கிப் போடச் சொல்லி, தன் வண்டி விளக்கைச் சுழலவிட்டு, எங்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தார். கோரினைச் சக்கர நாற்காலியில் வைத்து ஓடிய நர்ஸ், "ஏம்மா, இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?" என்று என்னைத் திட்டினாள்.

உள்ளே ஒருவரைத்தான் விட்டார்கள். கோரின் அப்பாவும் வேண்டாம் அம்மாவும் வேண்டாம், போனில் புருஷனைத்தான் போடுங்கள் என்று கத்தினாள். நாங்கள் வெளியே உட்கார்ந்தோம். அங்கிருந்த டிவியில் அந்தக் கூட்டம் நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது. கவர்னர் சொன்னார்: "ஆல்டர் ஃபால்ஸ்ல மார்லிஸ்னு ஒரு அம்மா. வீட்ல படுத்தா தூக்கம் வரல அவங்களுக்கு. ஏன்? குற்றவாளிங்களுக்குப் பயந்து!" கூட்டம் ஆரவாரித்தது. ஆர்லன் எழுந்து போய் டிவியை அணைத்தார்.

மூலையில் இருந்த ஒருவர், "ஹலோ, நான் பாத்துட்டிருக்கேன்" என்றார்.

"இவதான் மார்லிஸ். எதாவது கேக்கணும்னா நேரா கேளுங்க" என்றார் ஆர்லன்.

பெண் குழந்தை. கொஞ்சம் நீலம் பாரித்துப் பிறந்தது, உடனே அழுதுவிட்டது. வழியில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தேர்தல் நாளான செவ்வாய்க்கிழமை தீயணைப்பு நிலையத்தில் ஓட்டு வரிசையில் போய் நின்றேன். ஏன் போனேன் என்று கேட்டால், வீட்டில் இருந்தால் அவர்கள் இருவருமே என்னை ஜெயித்துவிட்டது போல இருந்தது. எனக்கு முன்னால் வெர்னட் நின்றிருந்தாள். கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள். பிறகு பாதி திரும்பினாள்.

"கோரினுக்கு?"

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"வழியில மாட்டிக்கிட்டீங்களாமே."

"ஆமா."

"ரொம்பப் பயந்துட்டியா?"

"பயந்துட்டேன்" என்றேன். இந்த முறை அதை யாரும் வெட்டவில்லை. வரிசை நகர்ந்தது.

வாக்குச்சீட்டில் கீழே இருந்த உள்ளூர்ப் பதவிகளுக்கான வட்டங்களை எல்லாம் முதலில் நிரப்பினேன். மேலே அந்த இரண்டு பெயர்களுக்கு வந்ததும் பேனா நகரவில்லை. பின்னால் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கினேன். எது என்று ஆர்லனுக்குக்கூடச் சொல்லவில்லை. வெட்கப்பட்டு அல்ல, சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. இவ்வளவு பெரிய நாட்டில் என்னை இந்த இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்திவிட்டு, இதைத்தான் என் குரல் என்கிறார்கள்.

செனட்டர் ஜெயித்தார். எங்கள் மாநிலத்தில் மயிரிழையில். புதன்கிழமையோடு தொலைபேசி அடங்கிவிட்டது, டிவியில் இருமல் மருந்தும் டிராக்டரும் திரும்பி வந்தன. பதவியேற்பெல்லாம் முடிந்த பிறகு, பூட்ஸ் போட்ட அந்தப் பெண்ணின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று பதிவு செய்த குரல் சொன்னது.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுக் கூட்டம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். போய்ப் பார்த்தால், மடக்கு நாற்காலிகள் நிறைய, ஆட்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். அதில் வெர்னட்டும் ஒருத்தி. நான் எழுந்து வார்டைப் பற்றிக் கேட்டேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, டாக்டர் இல்லை, பணம் இல்லை, மேலிடத்தில் எழுதியிருக்கிறோம் என்றார். நான் உட்கார்ந்தேன். வெர்னட் எழுந்தாள்.

"மேலிடத்துல இப்ப நாங்க ஓட்டுப் போட்டவங்கதானே இருக்காங்க? என்ன பதில் வந்துச்சு?"

"இன்னும் வரலீங்க."

"எப்ப எழுதினீங்க?"

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். வெர்னட் நின்றுகொண்டே இருந்தாள், முகமெல்லாம் சிவந்து. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஒரு அற்ப திருப்தியாகவும் இருந்தது.

வெளியே வந்தால் கார் கண்ணாடிகளில் பனி உறைந்திருந்தது. அவள் ஒரு பக்கம் சுரண்ட, நான் மறுபக்கம் சுரண்டினேன்.

"அடுத்த கூட்டம் எப்ப?" என்றாள்.

"மாசக் கடைசி."

"எழுதவே இல்லடி அவனுங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

"தெரியுது."

"அடுத்த தடவை சும்மா கேட்டுட்டு உக்காரக் கூடாது" என்றாள் வெர்னட், சுரண்டியைக் கண்ணாடியில் ஓங்கித் தட்டி. "நான் போய் கோரினையும் பிள்ளையையும் கூட்டிட்டு வர்றேன். நீ அந்த நாற்காலிய எல்லாம் நிரப்பற வழியப் பாரு."